மின்னிணைப்புத் தேதியை யார் குறிப்பது? ஜப்பானின் கட்டட மின்பொறியாளர்களும் 2024 வேலைநேர வரம்பும்

2024 ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் கட்டுமானத் துறையில் மிகைநேர வேலைக்குச் சட்டப்படியான உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. மாதத்துக்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்பது பொது விதி. தவிர்க்க முடியாத சூழல் என்று தொழிலாளர் தரப்புடன் தனி உடன்பாடு செய்துகொண்டால் ஆண்டுக்கு 720 மணி வரை போகலாம். அப்போதும் விடுமுறை நாள் வேலையைச் சேர்த்து எந்த மாதமும் 100 மணியைத் தொடக்கூடாது. அடுத்தடுத்த இரண்டு முதல் ஆறு மாதங்களின் சராசரி 80 மணியைத் தாண்டக்கூடாது. 45 மணியைக் கடக்கும் மாதங்கள் ஆண்டில் ஆறுக்கு மேல் இருக்கக்கூடாது. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம்.

இந்த வரம்பு கட்டுமானத்தில் உள்ள எல்லோருக்கும் பொது. நான் இங்கே ஒரு பிரிவினரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கட்டடங்களுக்குள் மின்சாரத்தைக் கொண்டுவரும் பொறியாளர்கள். மின்பொறியியல் படித்தவர் என்றதும் நமக்கு மின்நிலையமும் உயர்கோபுரங்களும் மின்வாரியமும் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனை, பள்ளி, அலுவலகக் கோபுரம், தரவு மையம் ஆகியவற்றின் மின்னமைப்பைத் திட்டமிட்டு, நிறுவி, சோதித்து ஒப்படைக்கிறவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அவர்களுடைய வேலையிலும் வீட்டிலும் இந்த வரம்பு என்ன செய்தது என்று பார்ப்பது பயனுள்ளது. ஒரு நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரு விதியை மாற்றிப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் விஷயம் அல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைநேர வரம்பு தேவையானது. அது வந்திருக்காவிட்டால் எதுவும் அசைந்திருக்காது. ஆனால் கட்டட மின்பொறியாளரின் மாலைநேரத்தை உண்மையில் தீர்மானிப்பது அட்டவணையில் உள்ள ஒரு தேதி. கட்டடத்துக்கு மின்னிணைப்பு வரும் நாள் அது. அந்தத் தேதியை முன்கூட்டியே குறித்து, யாரும் அதை நெருக்காமல் காப்பாற்றிய இடங்களில்தான் வரம்புக்குப் பொருள் இருக்கிறது.

முதலில் வந்து கடைசியில் போகிறவர்

ஒரு கட்டடத்தில் மின்பணி எங்கே தொடங்குகிறது? பெரும்பாலோர் சுவர் எழும்பிய பிறகு என்று நினைப்பார்கள். உண்மையில் அடித்தளத்திலேயே புவியிணைப்புக் கம்பி இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் இரும்புக் கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் கொட்டுவதற்கு இடையில் ஒரு குறுகிய அவகாசம் கிடைக்கும். அதற்குள் மின்கம்பிக் குழாய்களைப் பதிக்க வேண்டும். உத்தரங்களில் கேபிள் போகும் துளைகளுக்கு உறைக்குழாய் வைக்க வேண்டும். வைக்கத் தவறினால் பிறகு கான்கிரீட்டைத் துளைக்க வேண்டியிருக்கும், அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் எளிதில் சம்மதிக்கமாட்டார். எனவே கம்பி கட்டுபவர் மதியம் மூன்று மணிக்கு முடித்து, மறுநாள் காலை கான்கிரீட் வண்டி வருவதாக இருந்தால், இடையில் உள்ள நேரம்தான் மின்பணிக்கு.

அடுத்து தடுப்புச் சுவர்கள் எழும்பும்போது சுவிட்ச், பிளக் இடங்கள். உட்கூரை மூடுவதற்கு முன் கேபிள் தட்டுகள், விளக்கு, தீயுணர் கருவிகளுக்கான கம்பிகள். பிறகு ஒவ்வொரு தளத்தின் பகிர்வுப் பலகை. கடைசியாக, கட்டடத்தின் இதயப்பகுதியான உயர் அழுத்த வாங்கும் நிலையம். ஜப்பானில் ஒப்பந்த மின்திறன் 50 கிலோவாட்டை எட்டும் கட்டடம் பொதுவாக 6,600 வோல்ட்டில் மின்சாரம் வாங்க வேண்டும். உலோகப் பெட்டிக்குள் சுவிட்சும் மின்மாற்றியும் அடங்கிய கியூபிக்கிள் என்ற அமைப்பு அதை 210, 105 வோல்ட்டாகக் குறைக்கிறது. பல கட்டடங்களின் மொட்டை மாடியில் அதைப் பார்க்கலாம். 2,000 கிலோவாட்டை எட்டும் பெரிய கட்டடங்களுக்கு அதைவிட உயர்ந்த அழுத்தத்தில், தனி வகை இணைப்பு.

கேபிள்களின் காப்புத்தடையை மெகர் என்ற கருவியால் அளந்து, கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதித்து, மின்நிறுவனத்தின் ஆள் வந்து இணைப்புத் தருகிற நாளில்தான் கட்டடம் உயிர்பெறுகிறது. ஆனால் அந்த நாளில் வேலை முடிவதில்லை. வேறொரு கட்டம் தொடங்குகிறது. நிரந்தர மின்சாரம் இல்லாமல் லிஃப்டை முழுமையாக ஓட்டிப் பார்க்க முடியாது. பம்பு, குளிரூட்டும் இயந்திரம், புகை வெளியேற்றும் விசிறி, தீ எச்சரிக்கை மணி, மின்சாரம் போனால் தானாக இயங்க வேண்டிய ஜெனரேட்டர் எல்லாமே அந்த நாளுக்காகக் காத்திருக்கின்றன. அதற்குப் பிறகு நிறுவனத்தின் சொந்தப் பரிசோதனை, தீயணைப்புத் துறையின் பரிசோதனை, கட்டட நிறைவுப் பரிசோதனை, உரிமையாளரின் பரிசோதனை, ஒப்படைப்பு. எல்லா வரிசையிலும் மின்பொறியாளர் நிற்கிறார்.

இப்போது தாமதத்தை இதில் வைத்துப் பாருங்கள். நிலத்தடியில் எதிர்பாராத பாறை. இரண்டு புயல். உரிமையாளர் நடுவில் மாற்றிய அறை அமைப்பு. கான்கிரீட் எலும்புக்கூடு சில வாரம் பின்தங்குகிறது. ஒப்படைப்பு நாளோ நகராது. விடுதிக்குத் திறப்பு விழா அறிவித்தாகிவிட்டது. பள்ளிக்கு ஏப்ரலில் வகுப்பு தொடங்க வேண்டும். அரசுப் பணிக்கு மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது. முன்னால் தொலைந்த வாரங்கள் முழுவதும் பின்னால் வருகிறவர்களின் தலையில் விழுகின்றன. பூச்சு, தரை, உட்கூரை, குழாய், குளிரூட்டல், மின்சாரம் எல்லோரும் ஒரே அறைக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் நிலை வருகிறது. கட்டட மின்பொறியாளரின் நீண்ட இரவுகள் இங்கேதான் பிறக்கின்றன. அவர் சோம்பேறியா, நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறாரா என்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஐந்து மணிக்குப் பிறகு தொடங்கும் இரண்டாவது வேலை

ஜப்பானியப் பணித்தளத்தில் நாள் எட்டு மணிக்குக் காலைக் கூட்டத்துடன் தொடங்குகிறது. எல்லோரும் சேர்ந்து உடற்பயிற்சி. பிறகு அன்றைய ஆபத்துகள் என்னென்ன என்று ஒவ்வொரு குழுவும் பேசிக்கொள்கிறது. மதியத்துக்குப் பிறகு எல்லாத் துறை மேற்பார்வையாளர்களும் கூடி மறுநாள் யாருக்கு எந்த இடம், எந்த நேரத்தில் பாரந்தூக்கி என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஐந்து மணிக்குத் தொழிலாளர்கள் கிளம்புகிறார்கள். ஒரு மணி நேர உணவு இடைவேளையைக் கழித்தால் எட்டு மணி நேர வேலை. சட்டம் சொல்லும் ஒரு நாள் முடிந்துவிட்டது.

மேற்பார்வைப் பொறியாளரின் மேசை வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது. அன்று எடுத்த புகைப்படங்களைத் தரம்பிரித்து விளக்கம் எழுதவேண்டும். சுவருக்குள்ளும் உட்கூரைக்கு மேலும் மறைந்துபோகும் வேலைக்குப் புகைப்படம் ஒன்றே சான்று என்பதால் அதை விட்டுவிட முடியாது. நாளைய வேலைக்கான வரைபடத்தைத் திருத்த வேண்டும், குழாய்த் துறையினரின் வரைபடத்துடன் மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு ஆவணங்கள், பொருள் ஆர்டர், ஆட்களுக்கான ஏற்பாடு. பகலில் தளத்தை விட்டு நகர முடியாதவருக்கு இவற்றைச் செய்ய இரவைத் தவிர வேறு நேரம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரம் ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேர மேசை வேலை. மாதத்தில் 22 வேலைநாள் என்றால் 44 மணி. 45 மணி வரம்புக்குள் ஒரு மணி மிச்சம். இப்போது சனிக்கிழமையும் தளம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானியக் கட்டுமானத்தில் நெடுங்காலமாக அதுதான் வழக்கம். நான்கு சனிக்கிழமை, நாளுக்கு எட்டு மணி: 32 மணி அதிலேயே போய்விட்டது. மிச்சம் இருப்பது 13 மணி. அதை 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு அரை மணி நேரம். அரை மணியில் மேற்சொன்ன வேலையை யாராலும் முடிக்க முடியாது. ஆகவே சனிக்கிழமை மூடப்படாத தளத்தில் இந்த வரம்பைக் கடைப்பிடிப்பதாகச் சொல்கிற நிறுவனம் கூடுதல் ஆள் போட்டிருக்க வேண்டும், அல்லது கணக்கில் வராத நேரம் எங்கோ இருக்க வேண்டும்.

இது திடீரென்று கண்டுபிடிக்கப்பட்ட சிக்கல் அல்ல. ஜப்பானியக் கட்டுமானத் தொழிலாளர்கள் மற்றத் துறைகளின் சராசரியைவிட ஆண்டுக்கு 300 மணி நேரத்துக்கும் மேல் அதிகமாக வேலை செய்கிறார்கள் என்று அந்த நாட்டின் நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகமே 2018 வாக்கில் எழுதிவந்தது. 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, தொழிலாளர் தரப்புடன் உடன்பாடு எழுதிக்கொண்டால் மிகைநேரம் வாங்கலாம். சபுரோகு உடன்பாடு என்று அங்கே எல்லோருக்கும் அறிமுகமான பெயர். இந்த உடன்பாட்டுக்குப் பிற்காலத்தில் தொழிலாளர் அமைச்சகம் ஓர் அளவு வைத்தபோதும் கட்டுமானம் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. கட்டடம் வானிலையையும் தேதியையும் சார்ந்தது, அலுவலகம்போல் நடத்த முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தின் விலை 2017இல் வெளியே தெரிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான புதிய தேசிய விளையாட்டரங்கின் முதல் வடிவமைப்பை 2015 ஜூலையில் அரசு கைவிட்டது. புதிய வடிவமைப்பு வந்து, கட்டுமானம் 2016 டிசம்பரில்தான் தொடங்கியது. முடிக்க வேண்டிய நாள் 2019 நவம்பர். 2017 மார்ச்சில், அங்கே நிலத்தை வலுப்படுத்தும் பணியில் இருந்த துணை ஒப்பந்த நிறுவனத்தின் 23 வயது மேற்பார்வையாளர் தற்கொலை செய்துகொண்டார். கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் செய்த மிகைநேரம் சுமார் 190 மணி. அதே ஆண்டு அக்டோபரில் தொழிலாளர் தரநிலை அலுவலகம் அதை வேலைப்பளுவால் நேர்ந்த இறப்பாக ஏற்றுக்கொண்டது. அவர் மின்பொறியாளர் அல்லர். ஆனால் மேலே எங்கோ தொலைந்த மாதங்களைக் கீழே ஓர் இளைஞரின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட அந்த முறை, ஒவ்வொரு கட்டடத்தின் கடைசி மூன்று மாதத்திலும் மின்பணியில் நடப்பதுதான். இதைப் படித்தபோது எனக்கு எழுந்த கோபம் இன்னும் தணியவில்லை.

வேலைமுறைச் சீர்திருத்தச் சட்டம் 2018இல் நிறைவேறியது. மற்றத் துறைகளின் பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலில், சிறியவற்றுக்கு 2020 ஏப்ரலில் வரம்பு வந்தது. கட்டுமானத்துக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

அவகாசம் முடிந்தபோது

அந்த ஐந்து ஆண்டு எப்படிச் செலவானது என்பதில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. பெரிய கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்பு, நான்கு வாரத்தில் எட்டு நாள் தளத்தை மூடும் இலக்கை 2021 நிதியாண்டுக்குள் அடைவோம் என்று 2017இல் அறிவித்தது. அது முடியாமல் 2024க்குத் தள்ளிப்போனது. இன்னொரு பக்கம், வேலை விவரம் எழுதிய பலகையை நேரில் பிடிக்காமல் புகைப்படத்திலேயே பதித்து, புகைப்பட வேலையைக் குறைக்கும் மின்னணுக் கரும்பலகை முறை 2017 முதல் அரசுப் பணிகளில் ஏற்கப்பட்டது. மின்பணி நிறுவனங்கள் மேற்பார்வையாளரின் மேசை வேலையைப் பிரித்து, தளத்துக்கு வெளியே உள்ள அலுவலகக் குழுவிடம் கொடுக்கத் தொடங்கின. புகைப்படத் தொகுப்பு, பாதுகாப்பு ஆவணம், வரைபடத் திருத்தம் போன்றவற்றைத் தளத்தில் நிற்காமலே செய்ய முடியும். குழந்தை பிறந்த பிறகு தளத்துக்குப் போக முடியாமல் வேலையை விட்டிருக்கக்கூடிய ஒருவர், அதே தொழிலறிவோடு வரைபடக் குழுவில் நீடிக்க முடிகிறது. இந்த ஒரு மாற்றம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வாழ்க்கையின் ஒரு கட்டத்தில் தளத்திலும் இன்னொரு கட்டத்தில் மேசையிலும் இருந்துவிட்டு மறுபடி தளத்துக்குத் திரும்பும் வழி ஒன்று இதில் திறக்கிறது.

இருந்தாலும் இவை எல்லாம் மணிநேரத்தைக் கத்தரிக்கும் வழிகள். தேதியைத் தொட்டது வேறொன்று. 2020 ஜூலையில் அரசின் ஆலோசனை அமைப்பான மத்தியக் கட்டுமானத் தொழில் மன்றம் கட்டுமானக் காலத்துக்கான தரநிலையை வெளியிட்டது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தியது. வேலைநேர வரம்பைக் கடைப்பிடிக்கக்கூடிய கால மதிப்பீட்டை ஒப்பந்தக்காரர் தர வேண்டும், உரிமையாளர் அதை மதிக்க வேண்டும், முன்னால் வரும் வேலைகளின் தாமதத்தைப் பின்னால் வருகிறவர்கள் மேல் தள்ளக்கூடாது என்பது அதன் சாரம். அரசுக் கட்டடப் பணிகளில் ஒப்படைப்பு நாளுக்கு முன்னால் இன்னொரு நாளும் குறிக்கும் முறை இருக்கிறது. கட்டட வேலை ஏறக்குறைய முடிந்து, மின்னமைப்பையும் இயந்திரங்களையும் ஓட்டிச் சரிபார்க்கத் தயாராகிவிட வேண்டிய நாள் அது. இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட காலம் சோதனைக்கு உரியது. ஒப்பந்தத்தில் அந்த நாள் எழுதப்பட்டிருந்தால், மின்பொறியாளர் இரண்டு மாதத்துக்கு முன்பே எழுந்து நின்று, நான்காம் மாடி வேலை இன்னும் முடியவில்லை, மின்னிணைப்பு நாள் ஆபத்தில் இருக்கிறது என்று கேட்க முடியும். எழுதப்படாத இடத்தில் அவர் கேட்பது புலம்பலாகப் போய்விடும்.

சட்டத்தோடு இன்னொரு விசையும் சேர்ந்துகொண்டது: ஆள் பற்றாக்குறை. ஜப்பானின் கட்டுமானத் தொழிலாளர் எண்ணிக்கை 1997இல் 68.5 லட்சம், 2022இல் 47.9 லட்சம். அவர்களில் 55 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 36 சதவீதம், 29 வயதுக்கு உட்பட்டவர்கள் 12 சதவீதத்துக்கும் குறைவு. இதே நேரத்தில் தரவு மையங்களும் குறைக்கடத்தித் தொழிற்சாலைகளும் பெருகின. அவை மற்ற எந்தக் கட்டடத்தையும்விட அதிக மின்பணி கேட்பவை. மின்பணி, குளிரூட்டல் ஒப்பந்தக்காரர் கிடைக்காமல் கட்டடத் திட்டங்கள் தள்ளிப்போகும் நிலை வந்தது. போதாக்குறைக்கு 2024 தொடக்கத்தில் சில வகைக் கேபிள்களுக்குப் புதிய ஆர்டர் எடுப்பதையே தயாரிப்பாளர்கள் நிறுத்திவைத்தார்கள். வரிசையின் கடைசியில் நின்று, கொடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போன மின்பணி நிறுவனங்கள், நெருக்கடியான காலக்கெடு உள்ள வேலையை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கின. எனக்குத் தெரிந்து, இந்த நிகழ்வில் மிகப் பெரிய திருப்பம் இதுதான். மறுக்கும் வலிமை இல்லாதவரிடம் சட்டம் கொடுத்த உரிமை தாளில் கிடக்கும்.

அந்த வலிமைக்கு ஒரு வெளிப்படையான சோதனை வந்தது. 2025 ஏப்ரல் 13இல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி தொடங்க வேண்டும். வெளிநாட்டு அரங்குகளின் கட்டுமானம் மிகவும் பின்தங்கியது. 2023 ஜூலையில், கண்காட்சிப் பணிகளுக்கு மட்டும் வேலைநேர வரம்பிலிருந்து விலக்குத் தர வேண்டும் என்று ஏற்பாட்டுச் சங்கம் அரசிடம் கேட்டதாகச் செய்தி வந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது, விலக்கு கிடைக்கவில்லை. தொடக்க நாளில் சில அரங்குகள் மூடியே இருந்தன. நேபாளத்தின் அரங்கு ஜூலையில்தான் திறந்தது. மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். தேசிய விளையாட்டரங்கை நினைத்துப் பார்த்தால், தேதி தோற்றது சரியே என்று உறுதியாகச் சொல்வேன்.

தீராதவை சில உண்டு. பொறியாளர் மாதச் சம்பளக்காரர்; அவர் வழிநடத்தும் கம்பியாளர்களில் பலர் நாட்கூலிக் கணக்கில் மாதாமாதம் வாங்குகிறவர்கள். சனிக்கிழமை மூடினால் அவர்களுக்கு மாதத்தில் நான்கு நாள் கூலி போகிறது. ஆகவே சனிக்கிழமை வேலை வேண்டும் என்று கேட்கிறவர்கள் தளத்துக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்களுடைய கோரிக்கையில் நியாயமும் இருக்கிறது. அரசுப் பணி மதிப்பீட்டுக்கான கூலி விகிதத்தின் சராசரியை நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் 5.9 சதவீதம் உயர்த்தி நாளுக்கு 23,600 யென்னாகவும், 2025 மார்ச்சில் மேலும் 6 சதவீதம் உயர்த்தி 24,852 யென்னாகவும் ஆக்கியது. மதிப்பீட்டில் ஏறுகிற தொகை நான்காம் அடுக்குத் துணை ஒப்பந்தக்காரரின் ஆள் கைக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தால்தான் சனிக்கிழமை மூடும். பொறியாளரின் வார விடுமுறை இன்னொருவரின் கூலியோடு இப்படிப் பின்னிக் கிடக்கிறது.

இரண்டாவது, பழைய கட்டடங்களின் சீரமைப்பு. இயங்கிக்கொண்டிருக்கும் அலுவலகத்தின் மின்மாற்றியை மாற்ற வேண்டுமென்றால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தக்கூடிய நாள் ஞாயிறு, நள்ளிரவு, மே முதல் வார விடுமுறை, ஆகஸ்டில் முன்னோர் வழிபாட்டு நாட்கள், புத்தாண்டு. ஊரே வீட்டில் இருக்கும் நாட்கள் இந்தப் பொறியாளருக்கு அறுவடைக் காலம். எல்லோரும் ஒரே நாளில் தளத்தை மூடுவது என்ற தீர்வு இவர்களுக்குப் பொருந்தாது. ஆள்மாற்றி ஆள் விடுப்பு எடுக்கும் முறைதான் தேவை, அதற்கு ஒரே வேலையைத் தெரிந்த இருவர் வேண்டும். மூன்றாவது, மறைந்த நேரம். மேசை வேலையை மடிக்கணினியோடு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தால் பதிவேட்டில் 45 மணிக்குள்தான் இருக்கும். வரம்பு எங்கே வந்தாலும் இந்த ஆபத்தும் கூடவே வருகிறது. கணினி இயங்கிய நேரத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிறுவனத்தில் மட்டுமே அது பிடிபடும்.

உரிமம் கட்டிப்போடுவதும் அவிழ்த்துவிடுவதும்

வேலைநேரம் ஒரு பாதி. ஒரே தொழிலில் இருந்துகொண்டு வாழ்க்கைக்கு ஏற்ப இடம் மாற முடியுமா என்பது மறுபாதி. ஜப்பானில் இதை உரிமங்கள் தீர்மானிக்கின்றன.

மின்பணி மேலாண்மைக்கான முதல்நிலை உரிமம் பெற்ற பொறியாளர் பெரிய பணிகளின் தொழில்நுட்பப் பொறுப்பாளராக முடியும். ஆனால் ஒப்பந்தத் தொகை ஓர் அளவைத் தாண்டினால் அவர் அந்த ஒரு தளத்துக்கு மட்டுமே உரியவர் என்று சட்டம் சொல்கிறது. தூரத்து ஊரில் பணி என்றால் ஓராண்டு, ஈராண்டு குடும்பத்தைவிட்டுத் தனியாகத் தங்க வேண்டியிருக்கும். இந்த விதி மெல்லத் தளர்ந்துவருகிறது. 2024 டிசம்பர் முதல், 10 கோடி யென்னுக்குக் குறைவான பணிகளாக இருந்து, தளத்தைத் தொலைவிலிருந்து காணொளியில் கண்காணிக்கும் ஏற்பாடும் இருந்தால், ஒருவர் இரண்டு தளங்களைப் பார்க்கலாம். தனி ஆள் கட்டாயமாகும் தொகையும் 2025 பிப்ரவரியில் 4 கோடி யென்னிலிருந்து 4.5 கோடியாக உயர்ந்தது. இதை நான் அரைமனத்தோடுதான் வரவேற்கிறேன். வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டு சிறிய தளங்கள் என்றால் அது விடுதலை. ஆள் குறைவாக இருக்கும் நிறுவனம் ஒருவரிடமே இரண்டு ஒப்படைப்பு நாளைக் கொடுத்தால் அது இரட்டைச் சுமை.

நுழைவாயில் அகலமாகியிருக்கிறது. 2024 நிதியாண்டு முதல் முதல்நிலை உரிமத்தின் முதற்கட்டத் தேர்வை 19 வயதானவர் எவரும், அனுபவக் கணக்கு இல்லாமலே எழுதலாம். தேறினால் உதவிப் பொறியாளர் என்ற தகுதி கிடைக்கிறது. வடிவமைப்புப் பக்கம் போக நினைப்பவருக்குத்தான் பாதை செங்குத்து. மூன்று அடுக்கும் அதற்கு மேலும், 5,000 சதுர மீட்டருக்கு மேலும் உள்ள கட்டடத்தின் மின், இயந்திர வடிவமைப்பு சட்டப்படி சரியா என்று உறுதிசெய்யும் சிறப்புத் தகுதியை 2009 மே முதல் கட்டாயமாக்கினார்கள். அதைப் பெற முதலில் முதல்நிலைக் கட்டடக் கலைஞராக இருக்க வேண்டும். மின்சாரத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர் தன் துறையின் உச்சிக்குப் போகக் கட்டடக்கலையின் வாசல் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்த பாதை வேறு. அது கட்டி முடித்த கட்டடத்தைக் காப்பாற்றுகிற வேலை. 6,600 வோல்ட்டில் மின்சாரம் வாங்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தலைமை மின்பொறியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று மின்தொழில் சட்டம் சொல்கிறது. சிறிய, நடுத்தரக் கட்டடங்கள் அந்தப் பொறுப்பை வெளியாளிடம் ஒப்படைக்கலாம். மின்பாதுகாப்புச் சங்கங்கள் இதைச் செய்கின்றன. தனியாகத் தொழில் நடத்தும் பொறியாளர்களும் செய்கிறார்கள். இதற்கான மூன்றாம் வகைத் தேர்வில் கோட்பாடு, மின்னாற்றல், இயந்திரம், சட்டம் என நான்கு தாள். கடினமான தேர்வு, பல ஆண்டுகள் தேர்ச்சி விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. ஆனால் தேறிய தாளை மூன்று ஆண்டு வரை கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை எழுதலாம். 2022 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 2023 முதல் கணினியிலும் எழுதலாம். தேர்வுக்குப் பின் ஐந்து ஆண்டு அனுபவம், உரிய பயிற்சி முடித்தால் மூன்று ஆண்டு, இருந்தால் சொந்தமாகத் தொழில் தொடங்கலாம்.

கட்டடத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. ஒருவர் 33 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. மாதந்தோறும் அல்லது, காப்புநிலைக் கண்காணிப்புக் கருவி இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மின்சாரத்தை நிறுத்திச் செய்யும் சோதனை மட்டும் பெரும்பாலும் விடுமுறை நாளில் விழும். மற்றபடி எந்தக் கட்டடத்துக்கு எந்த நாளில் போவது என்பதை அவரே குறிக்கிறார். தளத்தில் இருபது ஆண்டு மற்றவர்கள் குறித்த தேதிக்காக ஓடியவர், ஐம்பது வயதில் தேதியைத் தானே எழுதும் இடத்துக்கு வருகிறார், அதுவும் அதே மெகரையும் அதே ரிலே அறிவையும் கொண்டு. ஒருவர் எத்தனை கட்டடம் ஏற்கலாம் என்பதற்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தளத்தில் வேலைநேரத்துக்கு 2024இல் வந்த வரம்பு, பராமரிப்புப் பக்கத்தில் வேலையின் அளவுக்கே முன்பிருந்து இருக்கிறது.

இந்தியாவிலிருந்து இந்தத் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஜனவரியில் இரு நாடுகளும் குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர் திட்டத்துக்கான ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தத் திட்டத்தின் கட்டுமானப் பிரிவில் மின்பணி அடங்கிய வகை ஒன்று உண்டு. அதன் முதல் நிலையில் பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. இரண்டாம் நிலைக்கு உயர்ந்தால் மனைவி, கணவர், குழந்தைகளை அழைத்துக்கொள்ளலாம். பட்டப்படிப்பை வைத்துப் பொறியாளர் விசாவில் போகிறவருக்குத் தொடக்கத்திலிருந்தே குடும்பத்துடன் இருக்க வழி உண்டு. முகவர் எந்த விசாவைப் பற்றிப் பேசுகிறார் என்பதைக் கையெழுத்துக்கு முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மேற்சொன்ன உரிமத் தேர்வுகள் ஜப்பானிய மொழியில் நடப்பவை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கட்டுமானத் தொழில் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அளவுக்கு மீறிக் குறுகிய காலக்கெடுவை உரிமையாளர் திணிப்பது முன்பே தடை செய்யப்பட்டிருந்தது. இப்போது அத்தகைய காலக்கெடுவை ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொள்வதும் தடை. இதனால் நேர்முகத் தேர்வில் அமரும் இளம் பொறியாளர் மாதம் எத்தனை மணி மிகைநேரம் என்று மட்டும் கேட்டுவிட்டு வரத் தேவையில்லை. உங்கள் தளங்களில் சனிக்கிழமை மூடுகிறீர்களா, வரைபடத்தையும் புகைப்படத்தையும் யார் செய்கிறார்கள், ஒப்பந்தத்தில் மின்னிணைப்பு நாள் எழுதப்பட்டிருக்கிறதா, கடைசியாக முடித்த கட்டடத்தில் அந்த நாளுக்கும் ஒப்படைப்பு நாளுக்கும் எத்தனை வாரம் இருந்தது என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரிந்த நிறுவனத்தில் சேரலாம்.